அம்மாவின் பன்னிரண்டு விநாடி

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர, அது என் பேச்சையே கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும். பேத்திக்கு இருமல் விட்டதா என்று நீ சொல்லவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஜெயித்துவிட்டாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் ஜெயித்தது என்னிடம்தான். முப்பத்தோரு படம் நடித்தவள், நர்சாக, டீச்சராக, பக்கத்து வீட்டுக்காரியாக. டைட்டிலில் 'மற்றும் பலர்' என்று போடுவார்களே, அந்தப் பலரில் ஒருத்தி. அவள் ஆசை ஆசையாய் நடித்த ஒரு படத்துக்கு எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான், அப்போது கல்யாணமாகி நாலு மாதம். கதாநாயகி புருஷன் செத்த சேதி கேட்டுக் கதறுகிறாள், நாத்தனாராக உன் அம்மா பின்னால் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், கையில் இருப்பது செத்துப்போன தம்பியின் சட்டை. மடித்ததைப் பிரிக்கிறாள், சட்டைக் கைகளை நீவிவிடுகிறாள், மறுபடி இன்னும் சின்னதாக மடிக்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பன்னிரண்டு விநாடி திரையில் அவள் மட்டும்தான், நானே அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வைப்பதா வெட்டுவதா, நீயே பார்த்துக்கொள் என்று டைரக்டர் விட்டுவிட்டார். பெண்டாட்டி என்று நீட்டிவிட்டான் என நாலு பேர் பேசுவார்களே என்று பயந்து நான் கத்திரி போட்டேன். படம் பார்த்துவிட்டு வரும் வழியில், நான் சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்றாள் அவள். நான் பாவி, வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷமே நடிப்பு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

நாற்பத்தாறு வருஷம் கழித்து, அந்தப் படத்தைச் சுத்தப்படுத்தித் திரும்பக் காட்டப்போகிறோம், பழைய பிலிம் டப்பாக்களை வரிசைப்படுத்தித் தாருங்கள் என்று திரைப்படச் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஆறாவது டப்பாவில் அந்தத் துண்டு, என் கையெழுத்தில் 'வேண்டாம்' என்ற சீட்டோடு. காலமாகிவிட்ட டைரக்டரின் மகளிடம் நேரே போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, சம்மதம் வாங்கி, சேர்க்கச் சொன்னேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிறு அன்று அவளை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன், இடைவேளையில் கிளம்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் காட்சி வந்தது. அரங்கத்தில் ஒரு செருமல் இல்லை. அவள் சட்டையை இரண்டாம் தடவை மடித்ததும் பின்வரிசையில் யாரோ கைதட்ட, அவ்வளவுதான், அரங்கமே தட்டியது, கதாநாயகியின் அடுத்த வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை. யாருக்குத் தட்டுகிறார்கள் என்று உன் அம்மா பின்னால் திரும்பிப் பார்க்கிறாள்! உனக்குத்தான் என்றேன். விளக்குப் போட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் பார்க்கவில்லை.

டாக்சியில் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே பார்த்துக்கொண்டே, "அப்போ நான் நல்லாத்தான் நடிச்சிருக்கேன்" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூன்றாம் நாள் ஒரு பெண் டைரக்டர் போன் செய்தார், அன்றைக்கு அரங்கத்தில் இருந்தவராம், ஓய்வுபெற்ற நீதிபதி வேடம், முக்கியமான வேடம், நடிப்பீர்களா என்று கேட்டார். உன் அம்மா கதை என்ன என்று கேட்கவில்லை, யார் யார் நடிக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "எடிட்டிங் யாரு? எங்க வீட்டுக்காரர் இல்லையே? அப்போ சரி, வரேன்" என்றாள்.

ஒன்றாம் தேதி படப்பிடிப்பு, அதற்குள் அவளுக்குப் போன் பண்ணி வாழ்த்தைச் சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, இப்போதுதான் எனக்குக் காபி கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழ எங்கள் இருவரின் ஆசி.

கத்திரியைக் கீழே வைத்துவிட்ட,
உன் அப்பா