எஞ்சின் பெட்டியைக் கொண்டுபோனது பிழை

இளவாலை,
22.04.1990

அன்புள்ள கத்தரீனாவுக்கு,

மகள் பொன்மலரின் பிள்ளைப்பேற்றுக்கு நீர் கொழும்புக்குப் போனதில் எனக்கு மனவருத்தம் இல்லை. என் எஞ்சின் பெட்டியைக் கொண்டுபோனது பிழை. கேளாமல் கொண்டுபோனது அதைவிடப் பிழை. நான் நீராவி எஞ்சின் ஓட்டிய காலம் முழுக்க என்னோடு வந்த தகரப் பெட்டி அது. மூடியில் என் பெயர் இருக்கிறது. அதற்குள் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அடைத்துக்கொண்டு போக உமக்கு எப்படி மனம் வந்தது?

உள்ளே இருந்ததையெல்லாம் பனையோலைக் கடகத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறீர். கை விளக்கு, நீளமூக்கு எண்ணெய்க் கான், ஸ்பானர் எல்லாம் சுகம். கொதிகலனில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய்தான் போய்விட்டது. உமது பழஞ்சேலைத் துண்டால் நீர் சுற்றித் தந்த ஒரு குழாயும் என் சேவையில் உடைந்ததில்லை. போன கிழமை நானே சுற்றி பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தேன். மூடும்போதே முறிந்தது. விரலிலும் சிறு காயம். இதற்கும் நீர்தான் பொறுப்பு.

செபநாயகம் சிரிக்கிறான். என்னோடு கரி அள்ளிப் போட்ட பயர்மன், இப்போது மரியாதையே இல்லை. எஞ்சினே இல்லை, குழாய் எதுக்கு அண்ணை, பெட்டியைத் தேடுறியளோ அக்காவைத் தேடுறியளோ எண்டு கேட்டான். நான் அவனோடு கதைக்கவில்லை. ஆனால் சோறு அவன் வீட்டிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் ஓட்டுகிற றைவர் நெருப்பில் கை வைப்பதில்லை, அது பயர்மனின் வேலை. வீட்டிலும் அந்த ஒழுங்கை நான் மாற்றியதில்லை என்பது உமக்குத் தெரியும்.

கனடாவில் இருக்கிற மகன் லியோன் உம்மை அங்கே கூப்பிடப் போவதாகப் பொன்மலர் எழுதியிருக்கிறாள். நீர் எழுதவில்லை. என்னையும் கூப்பிடுகிறானாம். நான் போகமாட்டேன்.

பேரனுக்கு என் முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றுவாராக.

இனிச் செய்யவேண்டியவை. பொன்மலர் பெட்டியை வெறுமையாக்கி மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். உமது கனடாப் பயணத்துக்குப் பெட்டி தேவையென்றால் லியோன் வேறு வாங்கித் தரட்டும். என் பெட்டியை ஒருவரிடமும் கொடுத்தனுப்பக்கூடாது, நீரே கொண்டுவர வேண்டும். மறுபடி சண்டை வந்து நிற்கமுன், றெயில் ஓடுகிறபோதே வாரும். செபநாயகம் தெல்லிப்பளை ஸ்ரேசனில் சைக்கிளோடு நிற்பான், நீர் பாரம் தூக்கக்கூடாது.

அன்றைக்கு அடுப்பை நான் மூட்டுவேன்.

உமது,
நீக்கிலாப்பிள்ளை