மைலேஜ் குறைந்ததற்கு நான்தான் காரணமாம்

4 ஜனவரி 2008, வெள்ளி

ராதிகா வீட்டில் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அவள் வைத்த வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். அதோடு எழுந்து வந்திருந்தால் இன்றைக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

ராதிகாவின் கணவர் விஜயபாஸ்கரும் என் வீட்டுக்காரரும் இங்கே குவைத்தில், அகமதியில் ஒரே ஆபீஸ். பார்க்கும்போதெல்லாம் அவர் எங்கள் ஹைப்ரிட் காரைப் பற்றிக் கேட்பார், இவர் சொல்வார். ஊருக்குத் திரும்பிய அமெரிக்கரிடம் வாங்கியது, மின்மோட்டாரும் எஞ்சினும் மாறி மாறி இழுக்கும், சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துவிடும், ஒரு கேலனுக்கு நாற்பத்தாறு மைல் – கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இன்றைக்கு மட்டும் இவர் முகம் சுண்டிப்போனது.

"முப்பத்தாறுக்கு இறங்கிடுச்சு பாஸ்கர். வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. மாஹிரா கையில குடுத்தா, பின்னாடியே ஒரு பெட்ரோல் டேங்கரையும் கட்டி அனுப்பணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ராதிகா சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன். அதுதான் இப்போது எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

5 ஜனவரி, சனி

காலையில் வண்டிச் சாவி ஆணியில் இல்லை. கேட்டேன்.

"குளிர் முடியிற வரைக்கும் வண்டிய நீ எடுக்க வேணாம். டாக்ஸில போய்ட்டு வா. நான் மைலேஜைப் பழையபடி கொண்டுவர்றேன்."

"எப்படிக் கொண்டுவருவீங்க? நீங்க கம்பெனி பஸ்ல இல்ல போறீங்க?"

"வெள்ளிக்கிழமை ஹைவேல ஓட்டுவேன்."

மாற்றுச் சாவி ஆபீஸ் மேசை டிராயரில் இருக்கிறதாம். பிறகு கீழே போய் வண்டிக்கு உறை மாட்டினார். நான்கு மூலையும் இழுத்துக் கட்டினார். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை அந்தப் போலீஸ்காரர் "கலாஸ், யல்லா" என்று தாளை நீட்டினார், முடிந்தது, கிளம்பு என்று. அந்த லைசென்ஸை இப்போது எதற்கு வைத்திருக்கிறேன்? அடையாள அட்டைக்குப் பின்னால் சொருகிக்கொள்ளவா?

7 ஜனவரி, திங்கள்

மூன்று டிகிரி. ஃபர்வானியா முழுக்கக் காற்று ஊளையிடுகிறது. மகள் சுமையாவுக்கு எட்டு வயது, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டித்தது. ஸ்கூல் பஸ்ஸில் இந்த வருஷம் இடமில்லை என்று ஜூனிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் படிக்கும் பள்ளியில்தான் நான் அறிவியல் டீச்சர், எங்கள் இருவருக்கும் ஒரே பாதை.

மூன்று டாக்ஸி நிற்கவே இல்லை. நான்காவது நின்றது. இடத்தைச் சொன்னதும் "நஸ்தீக் ஹை, நஹி ஜாயேகா" என்று போய்விட்டான். கிட்டே இருக்கிறதாம், வரமாட்டானாம். கிட்டே இருந்தால் நாங்கள் பறந்து போக வேண்டுமா?

அசெம்பிளி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். பிரின்ஸிபால் வாசலில் நின்றார். "மிஸஸ் ஹஸ்னைன், திஸ் இஸ் நாட் குட்." பத்து வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அங்கேயும் எனக்கு இவர் பெயர்தான், ஹஸ்னைன்.

8 ஜனவரி, செவ்வாய்

இன்றும் தாமதம். மெமோ கொடுத்துவிட்டார்கள். வண்டி கீழே போர்வைக்குள் கதகதப்பாக இருக்கிறது.

10 ஜனவரி, வியாழன்

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து தேடினேன். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிறார்கள். பெரும்பாலும் கனடாக்காரர்கள். அவர்களுக்கு மைனஸ் இருபது. நம் மூன்று டிகிரியைச் சொன்னால் சிரிப்பார்கள்.

குளிரில் எல்லோருக்கும் குறைகிறது! ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். எஞ்சின் சூடாகும்வரை அது அணையவே அணையாது. ஹீட்டர் போட்டால் அந்தச் சூட்டுக்காகவும் ஓடும். குளிர்ந்த பேட்டரி சார்ஜை அரைகுறையாகத்தான் வாங்கும். டயரில் காற்றழுத்தம் குறைந்துவிடும். எல்லாவற்றையும் விட மோசம் சின்னச் சின்ன தூரம் – எஞ்சின் சூடாகி முடிக்கும் நேரத்தில் நாம் இறங்கிவிடுகிறோம். திரும்பி வந்து எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

என்னுடைய ஓட்டமெல்லாம் சின்ன தூரம்தானே? பள்ளிக்கூடம், வீடு, சுமையாவின் குர்ஆன் ஓதும் வகுப்பு, ஜமியா கூட்டுறவுக் கடையில் காய்கறி, கிளினிக், மறுபடி வீடு. இவர் நவம்பரில் காட்டிய நாற்பத்தாறு, நேர் ரோட்டில் சவூதி எல்லைவரை போய்த் திரும்பிய நாற்பத்தாறு. அவருக்கு ஹைவே, எனக்குச் சந்து. மார்க் மட்டும் ஒரே தாளில் போடுவார்.

வீட்டுக்கு வந்து பொறுமையாகச் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெட்ல ஆயிரம் பேரு ஆயிரம் எழுதுவான். வண்டியப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நான் ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் பாடம் எடுக்கிறவ, மச்சான்."

"அது வகுப்புல. இது ரோடு."

பதில் வாய்வரை வந்தது. சுமையா பக்கத்தில் இருந்தாள்.

13 ஜனவரி, ஞாயிறு

காய்ச்சல். தொண்டை ரணம். டாக்ஸிக்கு நின்ற காற்றுதான், வேறென்ன? இவர் நான்கு நாள் லீவு போட்டிருக்கிறார். சுமையாவை அவர்தான் கூட்டிப்போக வேண்டும். உறையைக் கழற்றுகிற சத்தம் படுக்கைவரை கேட்டது.

எனக்குத் தடை. அவருக்கு இல்லை.

16 ஜனவரி, புதன்

இன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன். சோற்றுக்கு ஆணம் அவர் வைத்தது, உப்பே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நோயாளிக்கு நீதி நேர்மை எல்லாம் கிடையாது.

வண்டி தினமும் நான்கைந்து தடவை போய் வருகிறது. பள்ளிக்கு விட, கூட்டிவர, ஓத, எனக்கு மருந்து வாங்க, மறந்துபோன தயிர் வாங்க. என் வேலை எல்லாம் அவர் கையில். நேற்று படியேறி வந்து மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். "இது என்ன, போறதும் வர்றதுமாவே இருக்கு?" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கவில்லை, அதோடு இருமலும்.

சாயந்திரம் சுமையா வந்து கட்டிலில் ஏறிக்கொண்டாள். "உம்மா, வாப்பா இஸ் ஸோ ஆங்க்ரி வித் த கார். இட் ஸேஸ் தர்ட்டி த்ரீ."

முப்பத்து மூன்று. நான் ஓட்டியபோது முப்பத்தாறு.

18 ஜனவரி, வெள்ளி

ஒரு வார்த்தை சொல்வார் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். ஜும்ஆ தொழுகைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். எழுந்து சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதானா? நாலு பேர் முன்னால் வைத்து என்னைச் சிரிக்கவைத்தவர், மெமோ வாங்க வைத்தவர், காய்ச்சலில் தள்ளியவர், ஒரு சாவியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் என்ன, பறித்த பொம்மையைத் திருப்பிக் கொடுத்தால் அழுகையை நிறுத்துகிற பிள்ளையா?

தொடவில்லை. மேசையைத் துடைத்தேன், சாவியைச் சுற்றித் துடைத்தேன்.

21 ஜனவரி, திங்கள்

சீக்கிரமே கிளம்பி டாக்ஸி பிடித்தோம். சாவி அங்கேயே கிடக்கிறது. இவர் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "எடுத்துட்டுப் போயேன்" என்றார் ஒரு தடவை. காதில் விழாதது போல ஷூ மாட்டினேன்.

சுமையாவைக் குளிரில் நிறுத்துகிறேனே, இது வீம்பா? வீம்புதான். ஆனால் முதலில் நிறுத்தியது நான் இல்லையே.

24 ஜனவரி, வியாழன்

மழை. மாடிப்படி முழுக்க ஈரம். பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றுவதற்குள் மேலே தடாலென்று சத்தம். நான்காம் மாடி ஜுலைஹா பீவி விழுந்து கிடந்தார்கள். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. மகன் கடையில், ஒரு மணி நேரமாவது ஆகும் வர. "ஒண்ணும் இல்ல புள்ள, ஒண்ணும் இல்ல" என்கிறார்கள், முகம் வெள்ளையாக.

யோசிக்கவில்லை. சாவியை எடுத்தேன், அவர்களைத் தாங்கிப் பிடித்து இறக்கினேன், உறையைக் கிழிக்காத குறையாக உருவினேன். ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன். மைலேஜாவது மண்ணாங்கட்டியாவது. வழியெல்லாம் அவர்கள் சலவாத்து ஓதிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மட்டும் ஓதல் நின்று "அல்லா" என்று முனகல்.

எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டார்கள். மகன் வந்த பிறகுதான் கிளம்பினேன்.

25 ஜனவரி, வெள்ளி

காலையில் இவர் வெறும் மேசையைப் பார்த்தார்.

"எடுத்துக்கிட்டியா? நல்லதாப் போச்சு."

"ஜுலைஹா மாமிக்காக எடுத்தேன். உங்க சமாதானத்துக்கு இல்ல."

"இப்ப என்னாங்கிறே?"

"முப்பத்து மூணுன்னு எனக்குத் தெரியும். உங்க வாயால சொல்லுங்க."

டீயை இன்னொரு தடவை ஆற்றினார். "குளிருதான் காரணம். உன் கை இல்ல. போதுமா?"

"போதாது. பாஸ்கர் அண்ணன் வீட்ல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அங்க சொல்லுங்க."

"அது ஒரு வெளையாட்டுக்குச் சொன்னது, மாஹிரா."

"மெமோ வெளையாட்டு இல்ல. காய்ச்சல் வெளையாட்டு இல்ல. பச்சப்புள்ள ரோட்ல நின்னது வெளையாட்டு இல்ல." குரல் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

26 ஜனவரி, சனி

வேலையை ஆரம்பித்தேன். டயர் கடைக்குப் போனேன். நான்கிலும் காற்று குறைவு. "குளிர்ல தானா எறங்கும் தங்கச்சி, மாசம் ஒருக்கா பாக்கணும்" என்றார் கடைக்காரர், ராமநாதபுரத்துக்காரர். பிறகு ஹார்டுவேர் கடையில் பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் வாங்கி, வண்டியின் முன் கிரில் இடுக்குகளில் பாதியை அடைத்தேன். குளிர்காற்று நேராக எஞ்சினில் அடிக்காது, சீக்கிரம் சூடாகும். முழுக்க அடைக்கக் கூடாது, வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று கனடாக்காரர்கள் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். பில்டிங் காவல்காரரிடம் கெஞ்சி பேஸ்மென்ட்டில் வண்டி நிறுத்த ஓர் இடம் பிடித்தேன், அங்கே குளிர் குறைவு.

இனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போவதில்லை. பள்ளி முடிந்ததும் முதலில் எது தூரமோ அங்கே. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு வழியில் ஜமியா, கிளினிக், ஓதும் வகுப்பு, கடைசியில் வீடு.

இவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை.

1 பிப்ரவரி, வெள்ளி

விஜயபாஸ்கர் வீடு. சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் இல்லை. நான் எழுந்து கை கழுவப் போனபோதுதான் பேச்சு வந்தது. இவர் நான் இல்லாத நேரம் பார்த்தாரா, தற்செயலா, தெரியாது.

"பாஸ்கர், அன்னைக்கு மாஹிராவைச் சொன்னேன்ல? நான் ஓட்டினேன், இன்னும் கீழ போயிடுச்சு. குளிருதான் காரணம். என்னைவிட அவளுக்கு நல்லா ஓட்ட வருது."

"அப்ப டேங்கர உங்களுக்குத்தான் கட்டணும்" என்றார் விஜயபாஸ்கர். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை ராதிகா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

குழாயை மூடிவிட்டு அங்கிருந்தே பார்த்தேன். பழி சொன்னதும் சிரிப்போடு, திரும்பப் பெற்றதும் சிரிப்போடு. அது வலிக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் சொன்னார். காது சிவந்துபோய்ச் சொன்னார்.

13 பிப்ரவரி, புதன்

காலையில் நான்கு டிகிரி. நாற்பத்தொன்று காட்டுகிறது. அதே குளிர், அதே சந்துகள், அதே நான்.

பிரின்ஸிபாலிடம் சொன்னேன், அட்டவணையில் என் பெயரை மாஹிரா என்று போடச் சொல்லி. ஏன் என்று கேட்டார். அதுதான் என் பெயர் என்றேன்.

22 பிப்ரவரி, வெள்ளி

வஃப்ரா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பிக்னிக் கிளம்ப ஏற்பாடு. நான் அடுப்படியில் பிரியாணியைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னால போங்க பாஸ்கர். ஆமா, ஆமா. நாங்க மாஹிரா வண்டியில வந்துடுறோம்."

கரண்டியோடு அப்படியே நின்றேன். அவர் சொன்னதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. போனை வைத்தார், தண்ணீர் கேனையும் பாயையும் தூக்கிக்கொண்டு சுமையாவோடு முதலில் இறங்கினார்.

கேஸை அணைத்துவிட்டு நான் கீழே போய்ச் சேர்ந்தபோது, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவருகே நின்றிருந்தார், நான் வந்து திறப்பதற்காக.