தண்ணீர் மீட்டர் இறங்கிய வாரம்

மார்ச் 10
கோழிக் கொட்டகையில் இன்றைய தண்ணீர்ச் செலவு, மீட்டர்படி, நேற்றைவிடக் குறைவு. இந்த வயதில் கோழிகள் தினமும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். குழாய் நெடுகத் தட்டிப் பார்த்தேன். அடைப்பு இல்லை.

ஹெஸலிடம் சொல்லவில்லை. நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு வந்து படுத்திருக்கும் புருஷனிடம் இதைப் போய்ச் சொல்வதா?

மார்ச் 11
இன்னும் இறங்கிவிட்டது. தீவனமும் மிஞ்சுகிறது. கால்நடை டாக்டர் யெல்மரை அழைத்தேன். "நாளைக்கு வந்து ரெண்டை அறுத்துப் பாக்கறேன். குடல் புண்ணா இருந்தா ஆன்டிபயாடிக்தான், வேற வழியில்ல" என்றான்.

அது மட்டும் வேண்டாம். மருந்தில்லாமல் வளர்ப்போம், பீட்சாவில் தூவும் ஓரிகானோ இலையின் எண்ணெயைத் தண்ணீரில் விடுவோம் என்று பிடிவாதமாக இருந்தவன் ஹெஸல்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவன் கையால் இறக்கிவிட்ட குஞ்சுகள் இவை. என் கையில் கெட்டுப்போனால்?

மதியம் கடைக்குப் போய்த் திரும்பியபோது ஹெஸல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். தலை ஈரம். காலையில்தானே குளிப்பாட்டிவிட்டேன்?

மார்ச் 12
வெளிக்கிருமி உள்ளே வராமலிருக்க யெல்மர் வாசலிலேயே குளித்து, எங்கள் உடைக்கு மாறி, கொட்டகைக்குள் வந்ததும் இருமினான்.

"ரின்ஸ்கே, நீ கோழி வளக்கறியா, பீட்சா சுடறியா?"

"நீ சொன்ன அளவுதான் ஊத்தறேன். காலைல ஒரு தடவ."

"ரெண்டு மடங்கு இருக்கும். நானே குடிக்க மாட்டேன் இத."

அறுத்துப் பார்த்தான். குடல் சுத்தம். நோய் எதுவும் இல்லை, நெடி தாங்காமல்தான் குடிக்காமல் இருக்கின்றன என்றான்.

அப்புறம்தான் உறைத்தது. ஈரத் தலை. குளிக்காமல் கொட்டகைக்குள் யாரும் போவதில்லை—

வீட்டுக்குள் போய் ஹெஸலிடம், "கொட்டகைக்குப் போனியா?" என்றேன்.

"தண்ணியில எண்ணெ வாசனையே வரல. நீ மறந்துட்டேன்னு நெனச்சு நானே ஊத்தினேன்."

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவனுக்குக் காபியே மணப்பதில்லை. நாள் முழுக்கக் கொட்டகையிலேயே கிடக்கிற எனக்கும் நெடி பழகிவிட்டது.

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒன்னைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். ஏற்கெனவே ஒத்தையா எல்லாத்தையும் இழுக்கறே."

"மீட்டரப் பாத்தியா?"

"பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. நோய்தான்னு பயந்து மறுநாள் இன்னும் கொஞ்சம் சேத்து ஊத்தினேன்."

தூசிக்குள்ள போகாதேன்னு இதய டாக்டர் எத்தனை வாட்டி சொன்னார். ஆறாத நெஞ்சோட போயிருக்கான். சரி, திருட்டுத்தனமா போறவன் எவனாவது குளிச்சிட்டுப் போவானா? இவன் போவான். திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், தையல் வலித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

நானும் மறைத்தேன். அதைச் சொன்னேன்.

மார்ச் 13
எண்ணெயை நிறுத்தி, வெறும் தண்ணீரை ஓடவிட்டேன்.

மார்ச் 15
ஏறுகிறது. படுக்கையருகே போய்ச் சொன்னேன். "நாளைக்குக் கொறஞ்சாலும் சொல்லணும்" என்றான். சரி என்றேன்.

மார்ச் 18
யெல்மர் சொன்ன அளவில் எண்ணெயை மறுபடி ஆரம்பித்தேன். குடிக்கின்றன. என்றாலும் சற்று நேரம் உள்ளேயே நின்றேன்.

மார்ச் 31
கோழிகள் விற்பனைக்குப் போயின. எடை கொஞ்சம் குறைவுதான். ஆனால் மருந்தே தொடாத கூட்டம். லாரி திரும்பும்வரை ஹெஸல் ஜன்னலில் நின்றான்.

ஏப்ரல் 17
புதுக் குஞ்சுகள். கொஞ்ச நேரம், முகமூடியோடு போகலாம் என்று இதய டாக்டர் விட்டிருக்கிறார்.

ஹெஸல் ஒரு குஞ்சை எடுத்தான். பாதத்தைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பது எங்கள் வழக்கம். பாதம் குளிர்ந்தால் கொட்டகைக்குச் சூடு போதவில்லை என்று அர்த்தம். முகமூடி தடுத்தது. முன்பென்றால் கழற்றி எறிந்திருப்பான்.

குஞ்சை என் கன்னத்தருகே கொண்டுவந்தான். "நீ சொல்லு."

"கதகதன்னு இருக்கு."

தலையாட்டிவிட்டு அதைக் கீழே விட்டான்.