செவ்வாய்க்குப் போன இரண்டு வானொலிகள்

பக்கத்து வீட்டுப் பையன் இன்று ஏதோ வீடியோ வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறான். மலாக்காவுக்குப் பக்கத்தில் இந்தப் புக்கிட் காத்திலில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். படம் தெரியவில்லை, இசை மட்டும் வந்தது. கீழே உறுமித் தொடங்கி, எந்தச் சுரத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே மேலே போனது ஒரு சத்தம். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிறகு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்து பார்த்துவிட்டு, உனக்கு எழுத வந்தேன்.

அந்த மாதிரிச் சத்தத்தை நாம் முதலில் கேட்டது மலாக்கா டவுனில், மேட்னி ஆட்டத்தில். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டையிட்ட அவசரகாலம். சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நீ தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணியாரின் மகள், சர்ச்சில் வயலின் வாசிப்பவள். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று வழியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி நம் பைகளைத் துழாவினார்கள். அதையெல்லாம் தாண்டிப் போய்ப் பார்த்தது, ராக்கெட்டில் வேற்றுக்கிரகம் போகிறவர்களின் படம். நான் ராக்கெட்டைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

“பயமா இருக்கா?” என்றேன்.

“இது வயலினும் இல்லை, ஆக்கள் பாடுறதும் இல்லை. எங்க போய் நிக்கும் எண்டு தெரியேல்லை. பேசாம இரு,” என்றாய்.

அதன்பின் நீயும் நிலையாக நிற்கவில்லை. வயலினில் விரலைச் சறுக்கிச் சறுக்கிப் பார்த்தாய்; பிடிபடவில்லை. ஒருநாள் உன் அப்பாவின் பேட்டரி ரேடியோவுக்குப் பக்கத்தில், தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் பழுதென்று கொடுத்த ரேடியோவை வைத்துத் திருகியபோது ஒன்று விசிலடித்தது. பின்புறம் கையைக் கொண்டுபோனால் விசில் ஏறியது, எடுத்தால் இறங்கியது. பள்ளிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். பள்ளிப் பிள்ளைகள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற நாடகம் போடுவதென்று அன்றே முடிவாயிற்று.

ஊரடங்குக்கு முன்னால் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். அதனால் பகலிலேயே பள்ளி ஜன்னல்களில் கோணிப்பை கட்டி இருட்டாக்கி நாடகம் நடத்தினோம். அட்டை ராக்கெட் கிளம்பியதும் திரைக்குப் பின்னால் நீ கையை உயர்த்தினாய். அந்த ஊளை எழும்பியதுதான் தாமதம், ஒரு தாய் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே கூட்டம் முழுவதும். காவலுக்கு நின்றவர்கள் துப்பாக்கியோடு உள்ளே வந்தார்கள். “படத்துல வர்ற பாட்டு லா! ஒண்ணுமில்ல லா!” என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை உன் அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போனது. காட்டிலிருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்கிறார் என்று சந்தேகம். விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்திருந்த காலம் அது. போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது.

நீ அழவில்லை. என்னைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாய். அங்கே உன் அப்பா மூக்குக்கண்ணாடி இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் செய்தனான். அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது,” என்று முதலில் அவரைப் பார்த்துச் சொன்னாய். பிறகு வெள்ளைக்கார அதிகாரியிடம் அதையே ஆங்கிலத்தில் சொல்லி, பிடித்து வைத்திருந்த இரண்டு ரேடியோக்களையும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னாய்.

திருகினாய். விசில் வரவில்லை. மறுபடி திருகினாய், இரைச்சல்தான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ரேடியோவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து மெல்லத் திருகியதும் உறுமல் கேட்டது. நீ கையை நீட்டினாய், அது ஏறியது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அதிகாரி போதும் என்று கை காட்டினார். நீ நிறுத்தவில்லை. அவர் மறுபடியும் காட்டினார். அந்தச் சத்தத்தை மெதுவாகக் கீழே இறக்கி, கேட்காமலே போகும்வரை கொண்டுவந்த பிறகுதான் கையை எடுத்தாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அந்தப் படம் பார்த்திருந்தாராம்.

அப்பாவை விட்டார்கள், ரேடியோக்களை விடவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: “நிப்பாட்டச் சொன்ன பிறகும் ஏன் பிள்ளை நிப்பாட்டேல்லை?”

“முடிவு வரேல்லை அப்பா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில வாரங்களில் அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். நீ சிரம்பானில் கல்யாணமாகி, பியானோ சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் பெற்று, போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். அப்போதும் கால்விரல்கள் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்தன.

“இப்பவும் ராக்கெட் படம் பாக்கிறனியோ? சத்தம் எப்பிடி?”

“இப்பல்லாம் பெரிய பேண்டு வாத்தியம்டி. ட்ரம்பெட்டு, ட்ரம்மு. ஜெயிச்சிட்டு வர்ற மாதிரி.”

நீ என் பக்கம் திரும்பினாய். “பயமே இல்லையோ? அப்ப எதுக்கு அவ்வளவு தூரம் போகினம்?”

பதினொரு நாள் கழித்து, நீ போய்விட்டதாக உன் மகன் போன் செய்தான்.

அடுத்த வாரம் முதல்முறையாக விமானம் ஏறுகிறேன், மகளைப் பார்க்க லண்டனுக்கு. மகன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். “தனியா போறதுக்குப் பயமா இல்லையாம்மா?” என்று நேற்றுக்கூடக் கேட்டான்.

“பயமாத்தான் இருக்கு,” என்றேன். “அதனாலதான் போறேன்.”