வள்ளத்துக்கு நீ விட்ட வழி

ஓட்டை அடைக்கும் பசையின் வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. காலையில் நம் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் கசிவை அடைத்தேன். இது எப்போதும் உன் வேலை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டுவேன். இன்று திட்ட ஆளில்லாமல் நானே பூசினேன், கோணல்மாணலாக.

கடலே இல்லாத மைசூரில் உட்கார்ந்து கடலுக்குச் சுவர் வரைந்தவர்கள் நாம். தெற்கே ஒரு மீனவ ஊருக்கு அலைதடுப்புச் சுவர். அலை அதற்குள் புகுந்து காற்றைத் தள்ள, காற்று விசிறியைச் சுழற்றி மின்சாரமும் தரும். மாதிரியைப் பார்க்க அந்த ஊர்க்காரர்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? தொட்டியில் அலை விட்டு, குட்டி விளக்கு எரிந்ததும் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கரையோரத்து முதல் வீட்டு அம்மா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் நல்லாருக்கு மக்களே. எங்க வள்ளம் எதுவழியா உள்ள வரும்?"

படகு என்று ஒன்று இருப்பதே நமக்குத் தோன்றவில்லை! கரையைக் காக்கிறோம் என்று ஊரையே அடைத்து வைத்திருந்தோம். நீ தலையில் அடித்துக்கொண்டு, கன்னடம் கலந்த உன் தமிழில் சொல்லிச் சிரித்தாய். "அய்யோ தேவ்ரே, மைசூர் புத்தியக் காமிச்சுட்டோம் கணே!"

மறுநாளே சுவரை நடுவில் வெட்டி வழி விட்டு, அலை நேரே புகாதபடி இரு முனைகளும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும்படி வைத்தாய். எனக்கு வந்ததே கோபம். மின்சாரம் குறைந்தால் போகட்டும். அந்த வழிக்கு நேர் பின்னால்தான் அந்த அம்மாவின் வீடு. "தண்ணி பூந்து அந்த வீடு போச்சுன்னா பாவம் உன் தலையிலதான்" என்றேன்.

"சும்னே இருடி. வீடு மட்டும் நின்னு, கடலுக்குப் போன ஆளு வரலைன்னா?"

பத்து நாள் உன்னோடு பேசவில்லை. என் வீம்பு உனக்குத் தெரியும். பிறகு பேசினேன், அந்தச் சொல்லை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

சுவர் எழுந்தது. முதல் மழைக்காலத்துக்கு முன்பே நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்று படுத்தவள் எழவேயில்லை. தெற்கே காற்று பலமாக அடிக்கிறது என்று செய்தி வந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அந்த அம்மா போனில் கூப்பிட்டார். "பெருங்காத்து மக்களே. எங்க வீட்டுக்காரர் வள்ளம் அந்த வழியாத்தான் ஓடி வந்து கரை சேந்துச்சு. வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி ஏறல."

அப்பாடா! ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். "வழி விட்ட அந்த மேடத்துகிட்டயும் சொல்லிருங்க" என்றார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது. "சொல்றேம்மா" என்றேன்.

இப்போது எந்த வரைபடம் வந்தாலும் முதலில் ஆள் வந்துபோகும் வழியைத்தான் தேடுகிறேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது, இனி போகாது.

உன் தலையில் ஒரு பாவமும் இல்லையடி. வீடும் நிற்கிறது, அவரும் வந்துவிட்டார்.