தூக்கிக்கொண்டும் போகக் கூடாது

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் வீடும் நலம், உன் அப்பாவின் வலது முட்டி மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

போன வருஷம் பூங்காவில் ஒரு சைக்கிள் அப்பாவை உரசிவிட்டுப் போனதே, நினைவிருக்கிறதா? முப்பது வருஷம் நகராட்சியில் அறிவிப்புப் பலகைகளுக்கு வாசகம் எழுதிய மனுஷன் சும்மா இருப்பாரா, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, சைக்கிளுக்குத் தடை கேட்டு மனு கொடுத்தார். பலகை வாசகமும் அவரே எழுதியதுதான். தள்ளிக்கொண்டுதானே போகிறேன் என்று எவனும் தப்பிக்கக் கூடாதாம், அதனால் சைக்கிளை ஓட்டவோ, உருட்டவோ, தூக்கிச் செல்லவோ கூடாது. பலகை நட்ட அன்று புது மாப்பிள்ளை மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

இப்போது எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார், தினமும் அரை மணி நேரம் சமதரையில் சைக்கிள் மிதிக்க வேண்டும், மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் ஆபரேஷன்தான் என்று. நம் பக்கம் எல்லாம் மேடும் பள்ளமும், லாரியும் பஸ்ஸும், சமதரை என்றால் பூங்கா ஒன்றுதான். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் வாங்கலாமா என்றேன், எங்கேயும் போகாத சைக்கிளுக்கு எதுக்குடி பெடல் என்று எரிந்து விழுந்தார். ஒருநாள் விடிந்ததும் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனவர், பத்தே நிமிஷத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். காவலாளி சல்யூட் அடித்துவிட்டு, சார், தூக்கிட்டுப் போகவும் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க, நான் என்ன பண்ணட்டும் என்றாராம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மாடிப்படியில் நாலு இடத்தில் நின்று நின்று அவர் ஏறியதைப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆபரேஷன் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறதடி.

பலகையை மாற்றச் சொல்லி நீங்களே ஒரு மனு எழுதுங்கள் என்றால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்கிறார். சரி, உங்கள் மானம் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும் என்று நானே உட்கார்ந்து எழுதினேன். காலை வேளையில் மட்டுமாவது சைக்கிளை உள்ளே விட வேண்டும், முதல் மனு கொடுத்தவர் முன்யோசனை இல்லாதவர் என்று எழுதி, அவர் மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். காகிதம் கிழிகிற சத்தம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், வரவில்லை. மெல்லப் போய்ப் பார்த்தால், முன்யோசனைக்கு முன்னால் 'சற்றும்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, கீழே முதல் ஆளாகத் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார்.

நாளைக்கு மனுவைக் கொடுக்கப் போகிறேன். நீ போன் பண்ணும்போது முட்டியைப் பற்றி மட்டும் கேள், பலகையைப் பற்றி மூச்சு விடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மனு எழுதப் பழகிவிட்ட உன் அம்மா