முயல் இல்லாத முயல் பாண்

19 மார்ச் 2007, திங்கள்

ஈரப்பனி. சப்பாத்துக்குள் தண்ணீர். நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகல், எனக்கும் தொடங்குகிறது. வெங்காயம் முடிந்தது.

மாலை மகள் அபி போன் எடுத்தாள், வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபிலிருந்து. ஈஸ்டருக்கு வருகிறாள்! 31 சனி. ஒரு கிழமை நிற்பாள். துள்ளிக் குதித்திருப்பேன், அடுத்த கதையை அவள் எடுக்காமல் இருந்திருந்தால். படித்த ஆய்வுகூடத்திலேயே வேலைக்கு இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். இங்கே ஒஸ்லோவிலும் ஓர் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். "எதுக்கு ஓம் சொல்லுறதெண்டு இன்னும் யோசிக்கிறன். வந்து சொல்லுறன் அம்மா." ஏன், போனில் சொன்னால் வாய் நோகுமோ?

பிறகு வழக்கமான விசாரணை. என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய். "வெள்ளிக்கிழமையில மெகன் எனக்கு வெல்ஷ் ராபிற் செய்து தாறவ." மெகன் என்பது அவள் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரி. புருஷன் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். ராபிற் என்றால் முயல் என்கிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும்.

"வெள்ளிக்கிழமையிலயோ! முருகா! முயலோ!"

அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை. "முயல் ஒண்டும் இல்லை அம்மா. சும்மா பேர்தான். வாட்டின பாணுக்கு மேல சீஸ் காய்ச்சி ஊத்திறது. இப்பிடி ஒரு சாப்பாடு உலகத்திலயே இல்லை."

உலகத்திலேயே இல்லையாம். இவளுக்கு இடியப்பம் பிழிந்து பிழிந்து தோள்மூட்டு தேய்ந்தது எனக்கு.

21 புதன்

வெயில், ஆனால் ஏமாற்று வெயில். வெளியே போனால் காது விறைக்கிறது.

இவருக்கு மாலையில் பஸ் ஓடுகிற வேலை. போகும் முன் பிடித்து வைத்துச் சொன்னேன். "அந்த வீட்டுக்காரி பாணில சீஸை ஊத்தி என்ரை பிள்ளையை வளைச்சுப் போடுறாள்."

இவர் சப்பாத்துக் கயிறு கட்டியபடி: "பாணுக்கு மயங்கிற பிள்ளையெண்டால் இஞ்சையும் பாண் இருக்குத்தானே."

பகிடிக்குச் சொன்னார். நான் பகிடியாக எடுக்கவில்லை. உண்மைதானே. எங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் பாண் இல்லையா, சீஸ் இல்லையா, எனக்குக் கை இல்லையா? அவள் வந்து இறங்க முன் பழகிவிட வேண்டும். வாயைத் திறந்து "அங்கை" என்று சொல்வதற்கு முன் அந்த வாய்க்குள் இது போக வேண்டும்.

23 வெள்ளி

முதல் முயற்சி. பிரிட்ஜில் இருந்தது மண்ணிறச் சீஸ் மட்டும், இந்த ஊர் ஆடுகளின் இனிப்புச் சீஸ். சீஸ் சீஸ்தானே என்று பாலில் போட்டுக் கிண்டினேன். கிண்டக் கிண்ட இறுகி அல்வா மாதிரிப் பளபளவென்று வந்தது. பாணில் பூசி ஓவனில் வைத்தேன்.

இவர் ஒரு கடி கடித்தார். "நல்ல தொதல்."

"தொதல் இல்லை. வேல்ஸ் நாட்டுச் சாப்பாடு."

"அப்ப வேல்ஸ் நாட்டுத் தொதல். இன்னொரு துண்டு தாரும்."

மூன்று துண்டு சாப்பிட்டார். அதிலிருந்தே தெரிகிறது, தோல்வி.

24 சனி

மஞ்சள் சீஸ் வாங்கி இரண்டாம் முயற்சி. அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டேன் போல. எண்ணெய் ஒரு பக்கம், சீஸ் ஒரு பக்கம், இழுத்தால் றப்பர். ஓவனில் வழிந்து கருகி, புகை, கூரையில் இருக்கிற அந்தப் புகைமணிச் சனியன் கத்தத் தொடங்கியது. இவர் கதிரையில் ஏறி நின்று பேப்பரால் விசிறினார். சட்டி சரியில்லை என்று சொன்னேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அது நான்தான்.

வீடு முழுக்கச் சீஸ் மணம். இதுவரை எங்கள் கருவாட்டுக்காகத்தான் யன்னல் திறந்து மூடியிருக்கிறேன்.

இரவு கோடை நேரத்துக்காக மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு.

25 ஞாயிறு

நித்திரை போதவில்லை. துணிந்துவிட்டேன். அவசரத்துக்கு என்று அபி தந்த மெகன் வீட்டு நம்பர் இருக்கிறது. இது அவசரம்தான்.

வீட்டுக்காரியே எடுத்தாள். நான் அபியின் அம்மா என்றதும் "ஐயோ பிள்ளைக்கு என்ன" என்று அவள் பதற, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, பாணுக்குத்தான் என்று என் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதற்குள் வியர்த்துவிட்டது. அவளுடைய ஆங்கிலம் ஊஞ்சல் ஆடுகிறது, நோர்வேக்காரர் கதைக்கிற மாதிரி. அதனால் விளங்கியது. நல்ல குரல். (நல்ல குரலாக இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை, எரிச்சல்.)

சொன்னது: பட்டர் உருக்கிக் கோதுமை மா வறுக்க. கறுப்பு பியர் விட. சீஸைத் துருவி, அடுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட. ஒரு கரண்டி மஸ்ரட். பிறகு ஒரு சோஸ், பெயரை இரண்டு தரம் சொன்னாள், எழுத்துக் கூட்டியும் சொன்னாள், இன்னும் எனக்குப் பல் சுளுக்குகிறது.

நன்றி சொன்னேன். வைக்கும்போது சொல்கிறாள், அபி தங்கமான பிள்ளையாம், "நாங்கள் அவளை விடமாட்டோம்."

விடமாட்டாளாம்! சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு வெங்காயம் வெட்டினேன், இவர் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

27 செவ்வாய்

கடை:
பட்டர்
மஞ்சள் சீஸ், 2 கட்டி
வெள்ளைப் பாண்
பெயர் வராத சோஸ்
பியர், கறுப்பு, 1

வாழ்க்கையில் முதல் தரம் என் கையால் பியர் எடுக்கிறேன். பாணைப் போட்டு மூடினேன். காசு கட்டுமிடத்து ஓடுபட்டியில் வைக்கும்போது பாண் உருண்டு போனது, போத்தல் தனியே நின்றது, பின்னுக்கு நின்றது சறோ அக்கா. தமிழ்ப் பள்ளிக்கூட சறோ அக்கா. ஒஸ்லோவில் இத்தனை தமிழர் இருக்க!

"ஆருக்குப் பிள்ளை இது?"

"சமையலுக்கு அக்கா."

"ஓம், ஓம். எங்கட வீட்டிலயும் இவர் சமையலுக்கெண்டுதான் வாங்கிறவர்."

வீட்டுக்கு வந்து சோஸ் போத்தலின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். உள்ளே என்ன தெரியுமோ? புளி! நெத்தலி! எங்கள் சரக்கை ஊறவைத்து வாயில் நுழையாத பெயரை ஒட்டி விற்கிறார்கள். மூடி வைத்துவிட்டேன். நெத்தலி போட்டால் வெள்ளிக்கிழமையில் சாப்பிட ஆகாது, என்னிடம் புளி இருக்கிறது. கரைத்து ஒரு கரண்டி விட்டேன்.

மஸ்ரட் என்றால் கடுகு. எண்ணெயில் வெடிக்கவிட்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அப்படியே சட்டியில் கொட்டினேன். சீ... என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்குச் சரி.

இவர் வேலையால் வந்து சாப்பிட்டார். பகிடி விடவில்லை. மெல்லத் தட்டை வழித்தார். அது போதும் எனக்கு.

29 வியாழன்

மழை. பனிக்குவியல் எல்லாம் கறுத்து அசிங்கமாகக் கிடக்கிறது. அபியின் அறைக்கு யன்னல் சீலை தோய்த்தேன்.

இவரிடம் பஸ் டிப்போவில் ஒரு தமிழ்ப் பொடியன் கேட்டானாம், "அண்ணை, அக்கா பியர் குடிக்கத் தொடங்கிட்டாவாம், உண்மையோ?" இவர் "ஓம், நான்தான் அவவைத் திருத்தப் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பு.

31 சனி

வந்தாள். மெலிவு. தலைமயிரை வெட்டிவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை (இரண்டு தரம்தான் சொன்னேன்). கட்டிப்பிடித்தபோது வேறு ஏதோ சோப் மணம்.

வேலைக் கதை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இவரும். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி. தின்றாள், படுத்தாள்.

1 ஏப்ரல், ஞாயிறு

கதை இன்னும் இல்லை. மூன்று பேரும் நோர்வே வானிலையைப் பற்றியே கதைத்தோம். இவ்வளவு வானிலையா இருக்கிறது?

3 செவ்வாய்

இன்றைக்குச் சீஸ் பாணுக்குச் சட்டி வைத்தேன். அவள் மேசையில், நான் அடுப்படியில். கடுகு வெடிக்க எழும்பி ஓடி வந்தாள்.

"அம்மா! என்ன செய்யிறியள்?"

"மெகன் சொன்ன மஸ்ரட்."

"மஸ்ரட் எண்டால் ஹொட் டோக்குக்கு விடுற மஞ்சள் களி அம்மா! கடுகைத் தாளிக்கச் சொல்லியோ சொன்னவ?" சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவரும் சேர்ந்துகொண்டார். சிரிக்கட்டும். சின்னப் பிள்ளையில் சிரித்த அதே சிரிப்பு, மூக்கால் வருகிற சிரிப்பு.

பிறகு சாப்பிட்டாள். சிரிப்பு நின்றது. இரண்டாம் துண்டு. மூன்றாவது. விரலைச் சூப்பினாள்.

"சத்தியமா அம்மா, மெகன்ரையை விட இது திறம்."

வென்றுவிட்டேன்! கடல் கடந்து போய் அந்த மனுசியின் அடுப்பை அணைத்துவிட்ட மாதிரி ஒரு புளுகம் நெஞ்சுக்குள். அடுத்த வாய் வைக்க முன் சொன்னாள்:

"எப்பிடிச் செய்யிறதெண்டு எழுதித் தாங்கோ. அங்கை போய்ச் செய்ய வேணும்."

எனக்கு உடனே ஏறவில்லை. இவருக்கு ஏறிவிட்டது. முள்ளுக்கரண்டியை வைத்தார். "அங்கை போயோ?"

"ஓம் அப்பா. இரண்டு வருஷம். ஓமெண்டு எழுதிப்போட்டன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நான் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். சட்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. அதையும் சேர்த்துக் கழுவினேன்.

4 புதன்

நான் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. இவர் வெளியே போகிற சாட்டில் எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போனார்.

பின்னுக்கு வந்து நின்றாள். "பாணுக்காகப் போறன் எண்டு நினைக்கிறியளோ?"

"வேற எதுக்கு?"

கதிரையை இழுத்து இருந்தாள். பிறகு, "இஞ்சை நான் பிறந்தனான். எண்டாலும் எங்கையிருந்து வந்தனி எண்டு கேக்கினம். ஒஸ்லோ எண்டால், இல்லை, உண்மையா எங்கையிருந்து எண்டு திருப்பிக் கேக்கினம். அங்கையும் கேக்கினம். நோர்வே எண்டு சொல்லுறன். அப்பிடியோ, அங்கை சரியான குளிரோ எண்டு கேட்டுப்போட்டு விட்டிடுவினம். நம்பீனம் அம்மா."

இவ்வளவு காலமும் இது என் காதில் விழாமல் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. இதற்கு என்னிடம் பாணும் இல்லை, சீஸும் இல்லை.

படுக்கையில் இவரிடம் சொன்னேன். இவர் கூரையைப் பார்த்தபடி, "நோர்வேக்கு, வடக்கை பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் வெட்ட வரேக்கை நானும் அம்மாவுக்கு இரண்டு வருஷம் எண்டுதான் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். ஆறுதல் சொல்கிற ஆளைப் பார்!

6 வெள்ளி

பெரிய வெள்ளி. கடை பூட்டு, தெருவில் ஒரு குருவி இல்லை. முக்கால்வாசி ஊர் மலையில் சறுக்கிக்கொண்டிருக்கும்.

கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை, அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போதாக இருக்கும். வெட்டின தலைமயிர் வடிவாகத்தான் இருக்கிறது.

மேசையில் இருந்து எழுதிக் கொடுத்தேன். மா, பட்டர், பியர், சீஸ், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடுகு. அடுப்பைக் கூட்டக் கூடாது என்று கோடு போட்டேன்.

புளியை எழுதவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றுதான். அங்கே போய்ச் செய்வாள், ஏதோ ஒன்று குறையும், என்னவென்று பிடிபடாது. எடுத்துக் கேட்கத்தானே வேண்டும்? உடனே சொல்லவும் மாட்டேன். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றாகச் சொல்லலாம்.

இதை யாரும் வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும்.

8 ஞாயிறு

காலை விமானம். பெட்டிக்குள் பருத்தித்துறை வடை, கறித்தூள், கறிவேப்பிலை காயவைத்தது. பாதுகாப்புச் சோதனை தாண்டிப் போகும்வரை கை காட்டினாள். காரில் இவர் வானொலி போட்டார், நான் நிற்பாட்டினேன், அவர் திருப்பிப் போட்டார். அப்படியே வீடு வந்தோம்.

9 திங்கள்

இன்னும் விடுமுறை. வெயில். அவள் தலை துடைத்த துவாயைத் தோய்க்கவில்லை, நாளைக்குப் பார்க்கலாம்.

14 சனி

வருஷப்பிறப்பு. கோயில். சறோ அக்கா கிட்ட வந்து கதைத்தபோது வாய் மணக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. வேண்டுமென்றே "ஹா" என்று மூச்சு விட்டேன்.

அபி எடுக்கவில்லை. வேலை தொடங்கிய கிழமை. இவர் சொல்கிறார், எடுப்பாள், எடுப்பாள்.

15 ஞாயிறு

மூக்கொழுகல் திரும்பவும். மா அரித்தேன். மத்தியானம் போன்.

"அம்மா, நேற்று செய்தனான். மெகனுக்கும் குடுத்தனான்."

காத்திருந்தேன். இப்போது கேட்பாள் என்று. "எப்பிடி வந்தது? ஏதாவது குறைஞ்சதோ?"

"இல்லையே. அச்சொட்டா உங்கடை மாதிரி."

"அப்பிடியோ. நல்லம்."

"புளியும் விட்டனான். சாப்பிடேக்கையே நாக்குக்குத் தெரிஞ்சது. நீங்கள் எழுதேல்லை."

"மறந்திட்டன் போல."

"நீங்கள் மறக்கேல்லை அம்மா." சிரிக்கவில்லை, மெதுவாகச் சொன்னாள். "புளி கேக்கிறதுக்கு எண்டில்லை. சும்மாவும் எடுப்பன்."

இவர் வாசலில் நின்று என்ன என்று கையால் கேட்கிறார். மாக் கையால் மூக்கைத் துடைத்தேன்.

"சரி, சரி, காசு ஓடுது, வை" என்றேன்.